வீடு வாங்கும் முன் மண்ணைப் பார்

கோப்பேங், பேராக், மலேசியா

அன்புள்ள குமரனுக்கு,

பத்துகாஜா பக்கம் புதுத் தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வீடு பார்த்திருப்பதாக அம்மா சொன்னாள். ரொம்பச் சந்தோஷம் ஐயா. விலை, வங்கிக் கடன் எல்லாம் கணக்குப் போட்டிருப்பாய். அந்த நிலம் முன்னால் என்னவாக இருந்தது என்று விசாரித்தாயா?

நம் கிந்தா பள்ளத்தாக்கில் இதைக் கேட்காமல் வீடு வாங்கக் கூடாது. கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளெடாங், இரண்டு மலைத்தொடரும் கருங்கல். நடுவில் தரைக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து உண்டான பழைய கல் அது. கருங்கல் பிற்பாடு, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் குழம்பாக ஏறி இறுகியது. நம் ஊர் ஈயம், அதாவது டின் என்கிற வெள்ளீயம், வந்ததும் அதோடுதான்.

உன் தாத்தா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டம் மேட்டிலும் லம்பம் என்கிற ஈயச் சுரங்கம் பள்ளத்திலும் இருந்ததற்கு இந்தக் கற்கள்தான் காரணம். மழையிலும் வெயிலிலும் கருங்கல் உளுத்து, உள்ளே இருக்கும் இரும்பு துருவேறிச் செம்மண்ணாகிறது. சரிவில் தண்ணீர் தேங்காது, அதனால் ரப்பருக்குத் தோதான மண். ஈயத் தாது மட்டும் உளுத்துப் போவதில்லை. வெள்ளம் அதைக் கீழே அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தாக்கில் சேர்த்தது. அங்கே சுண்ணாம்புக்கல் சமமாக இல்லை, கடைவாய்ப் பற்களைப் போல மேடும் குழியுமாக இருக்கிறது. அந்தக் குழிகளில் ஈயம் தங்கிவிட்டது.

சின்ன வயதில் ஆற்றில் சீனப் பெண்கள் துலாங் கழுவுவதை, அதாவது மணலை அரித்து ஈயம் எடுப்பதை, பார்த்துக்கொண்டே நிற்பேன். இடுப்பளவு தண்ணீரில் மரத்தட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். வெள்ளை மணல் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். கனமான கறுப்புப் பொடி ஒரு பிடிகூட இருக்காது, அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பொடிக்காகத்தான் ஈப்போவும் கம்பாரும் எழும்பின.

1985இல் ஈய விலை விழுந்தது, லம்பங்கள் மூடின. மிச்சம் இருப்பவை குட்டைகளும் வெள்ளை மணல்மேடுகளும். சில குட்டைகளைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். மணல் கொட்டிய இடம் ஓரளவு தாங்கும். ஈயம் கழுவிவிட்ட சேறு படிந்த இடம் வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டின் ஒரு பாதி கல்மேல், மறுபாதி சேற்றின்மேல் என்றால் சுவர் வெடிக்காமல் என்ன செய்யும்? சுண்ணாம்புக்கல்லில் மழைநீர் கரைத்த பொந்துகளும் உண்டு. நிலத்தடி நீர் இறங்கினால் மேல்மண் திடீரென்று உள்ளே போய்விடும்.

மலையடிவாரத்தில் வீடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் 1973இல் ஈப்போ குனோங் சீரோவில் பாறை பெயர்ந்து வரிசை வீடுகள்மேல் விழுந்து சுமார் 40 பேர் செத்தார்கள். செங்குத்தான சுண்ணாம்பு மலைக்கு நேர் கீழே மட்டும் வேண்டவே வேண்டாம்.

அதனால் மேம்பாட்டாளரிடம் மண் ஆய்வு அறிக்கையைக் கேள். பைலிங், அதாவது அடித்தளத்துக்கு மண்ணுக்குள் இறக்கும் தூண், எவ்வளவு ஆழம், கல்லைத் தொட்டதா என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் முன்பணம் கொடுக்காதே. பக்கத்தில் பத்து வருஷமாகக் குடியிருப்பவர்கள் வீட்டுச் சுவரையும் கால்வாயையும் ஒரு நடை பார்த்துவிட்டு வா.

அடுத்த வாரம் சனிக்கிழமை நானும் வருகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அப்பா