ஏப்ரலில் சொல்லப்போவதை ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்திருக்கும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம்.

என் மகளுக்கு மார்ச் கடைசியில், அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்தது. ஊரில் இருக்கும் அம்மாவை நடுராத்திரியில் போன் போட்டு எழுப்பிச் சொன்னேன். நான்கு நாள் கழித்துத்தான் நானும் கணவரும் அந்தக் கட்டண விவரத்தை உட்கார்ந்து படித்தோம். அப்புறம் அவளைக் கூப்பிட்டு, "இவ்வளவு நம்மால முடியாதும்மா" என்றோம். அவள் அழவில்லை. "இது உங்களுக்கு ஆகஸ்ட்லயே தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியும். எங்கள் சம்பளமும் வீட்டுக் கடனும் ஆகஸ்டிலும் அதேதான். நாங்கள்தான் சொல்லவில்லை.

அதனால்தான் இந்த மடல். எந்தக் கல்லூரி உசத்தி, கட்டுரையில் என்ன எழுதலாம் என்றெல்லாம் சொல்ல நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது, விசா எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் நாம் பிள்ளைகளிடம் மூடி மறைக்கிறோம். கேட்டால், "நீ படிப்பைப் பாரு, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்கிறோம்.

நாம் படித்த காலத்தில் அந்தப் பேச்சு செல்லுபடியானது. கட்-ஆஃப் வந்தது, கவுன்சிலிங் போனோம், கட்டணம் இவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதலில் சீட், அப்புறம் பேங்க் கடன். இங்கே ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே படிப்புக்கு வேறு வேறு தொகை கட்டுகிறார்கள். வலைத்தளத்தில் போட்டிருக்கும் கட்டணம், நம் வீட்டுக்கு வரப்போகும் கட்டணம் இல்லை. வரப்போவதைத் தோராயமாகவாவது தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கூட்டரசு உதவித்தொகை பெறும் கல்லூரிகள் எல்லாம் 2011 முதல் தங்கள் தளத்தில், நம் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வரிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு கல்லூரிக்கு இருபது நிமிடம் ஆகும். நாங்கள் அதை ஏப்ரலில் போட்டுப் பார்த்தோம். கல்லூரி அனுப்பிய கடிதத்தில் இருந்த தொகைக்கு மிக அருகில் வந்தது.

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். அதில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம் என்பதால் பிள்ளைகள் இருபதையும் நிரப்பப் பார்க்கிறார்கள். பல இடங்களில் ஒரு விண்ணப்பத்துக்கு 75, 80 டாலர் ஆகிறது. பதினைந்து போட்டால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். சரி, அது போனால் போகட்டும். என் கவலை ஏர்லி டிசிஷன்.

நவம்பர் தொடக்கத்தில் அதற்கு விண்ணப்பித்தால் டிசம்பர் நடுவில் முடிவு வரும். இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். பிள்ளை, பெற்றோர், பள்ளி ஆலோசகர் என மூவரும் கையெழுத்துப் போடுகிறோம். நாலு கல்லூரியின் உதவித்தொகையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை அந்தக் கையெழுத்தோடு விட்டுக்கொடுக்கிறோம். தரும் உதவி போதவில்லை என்று காட்டி விலக வழி இருக்கிறது. ஆனால் டிசம்பரில் துள்ளிக் குதிக்கும் பிள்ளையிடம் போய் அதை யார் சொல்வது? முழுத் தொகையையும் கட்ட முடிந்த வீடுகள் தாராளமாகப் போடட்டும். மற்றவர்களுக்குக் கட்டுப்பாடில்லாத ஏர்லி ஆக்‌ஷன் பல இடங்களில் உண்டு.

கூட்டரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் வசனம் எனக்கு மனப்பாடம்: "நம்ம சம்பளத்துக்கு ஒண்ணும் கிடைக்காது." இலவச உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். ஆனால் பிள்ளையின் பெயரில் முதல் ஆண்டு 5,500 டாலர் வரை கிடைக்கும் கூட்டரசுக் கடனுக்கும் அந்தப் படிவம்தான் வாசல். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். முந்தைய வருடத்து வருமானத்தைக் கேட்கும். அதாவது பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்துப் பதினொன்றில் நுழைந்த வருடம். அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துபோனது, இனி மாறப்போவதில்லை. பெற்றோர் எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும், இங்கே பிறந்த பிள்ளை இதற்கு விண்ணப்பிக்கலாம்.

இங்கே பிறக்காத பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கைக்குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்தவர்கள். பல வீடுகளில் மூத்தது எச்-4 (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா), இளையது குடிமகன். எச்-4 பிள்ளைக்கு ஃபாஃப்சா வழியாகக் கூட்டரசு உதவியும் இல்லை, கடனும் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யவும் அனுமதி இல்லாததால் கோடையில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப்பும் கிடையாது. 21 வயதானால் எச்-4 முடிகிறது, பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். பதினெட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அது மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டில் வந்து நிற்கும், படிப்பின் நடுவில். அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம், அதாவது உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா, விசா மாறிய பின்னும் அது தொடருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கல்லூரிகளே தரும் சில உதவித்தொகைகள் எல்லோருக்கும் உண்டு, சில குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் தான் எச்-4 என்பதையே பள்ளியின் கடைசி ஆண்டில், ஏதோ ஒரு படிவம் நிரப்பும்போதுதான் தெரிந்துகொண்டான். பதினேழு வயது. கார் ஓட்டுகிறான், தம்பியைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறான், தன் விசா என்னவென்று தெரியாது. அவன் பெற்றோர் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அவர்களை எனக்குப் புரிகிறது. ஆனாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் போகும்போது அந்தப் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

மற்ற வழிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்ச் சங்க விழாவில் "பொண்ணு எங்க சேர்றா?" என்று கேட்டால், கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்ல நமக்கு நாக்கு எழுவதில்லை. கலிபோர்னியாவில் உள்மாநில மாணவருக்கு அங்கே ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். அங்கே இரண்டு ஆண்டு ஒழுங்காகப் படித்தால், மிச்சப் படிப்புக்கு யூசியின் (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) ஒன்பது இளநிலை வளாகங்களில் ஆறு, தகுதி இருந்தால் இடம் உறுதி என்று எழுதியே தருகின்றன. டேவிஸும் இர்வைனும் அதில் உண்டு. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் இல்லை. முடிவில் கையில் வரும் பட்டத்தில் யூசியின் பெயர்தான் இருக்கும்.

கையால் வேலை செய்யப் பிடித்த பிள்ளைகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நாம்தான் அதைப் பொழுதுபோக்கு என்கிறோம். எலெக்ட்ரீஷியன் அப்ரென்டிஸ்ஷிப், அதாவது வேலை செய்தபடியே தொழில் பழகுவது, பொதுவாக நான்கைந்து ஆண்டுகள், முதல் நாளிலிருந்தே சம்பளம். பதிவு பெற்ற அப்ரென்டிஸ்ஷிப்புக்கு வேண்டிய புத்தகம், கருவி, கட்டணத்துக்கு, படிப்புக்கென்று சேர்க்கும் 529 சேமிப்புக் கணக்கிலிருந்தே பணம் எடுக்கலாம் என்று 2019-இல் சட்டம் வந்துவிட்டது. இதை நான் சங்கத்தில் சொன்னபோது ஒருவர் சிரித்தார். அவர் வீட்டு வயரிங்கைச் சரிசெய்ய வந்தவருக்குக் கொடுத்த பில்லைப் பற்றி அதற்கு முந்தைய வாரம்தான் புலம்பியிருந்தார்.

இன்னொன்று. கல்லூரியில் சேர்ந்துவிட்டால், 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி மதிப்பெண் விவரம் பிள்ளையின் உரிமை. பணம் கட்டுகிறோம் என்பதற்காக அதை நம்மிடம் காட்ட வேண்டிய கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. அத்தனை பெரியவர்களாகப் போகிறவர்களிடம் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல நாம் தயங்குகிறோம்.

மகள் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். நன்றாகத்தான் படிக்கிறாள். அந்த வசந்தத்தைப் பற்றி நாங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

இந்த ஆகஸ்டில் மகன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவனை உட்கார வைத்து, ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி அவன் முன்னால் நகர்த்தினேன். கை கொஞ்சம் நடுங்கியது. அவன் பார்த்தான், போனை எடுத்தான், தன் பட்டியலிலிருந்து நான்கு பெயர்களை அவனே அடித்தான். அப்புறம் நிமிர்ந்து, "இதுல மிச்சம் வந்தா எனக்கா, உங்களுக்காம்மா?" என்று கேட்டான். அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
உங்களில் ஒரு தாய்