ஆட்டு மடிக்கு மாட்டுக் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆட்டுப்பாலின் சத்துகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையில், அந்தப் பாலைத் தரும் மடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

பினாங்கு, செபராங் பிறையில் 15 ஆடுகளை வைத்துப் பால் விற்று வருகிறேன். சென்ற ஆண்டு என் சானென் (பாலுக்கென வளர்க்கும் ஓர் இனம்) ஆடு ஒன்றின் பாலில் உயிரணுக்கள் (மடியைக் கிருமி தாக்கினால் இவை கூடும்) மில்லிலிட்டருக்கு 900,000ஐத் தாண்டிவிட்டன என்பதற்காக, அதற்கு மடிநோய் என்று முடிவுகட்டி, ஊசி போடச் சொன்னார்கள். மாடாக இருந்திருந்தால் நானும் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் ஆடு பால் சுரக்கும் விதமே வேறு. சுரப்பி அணுக்களின் நுனிகள் உட்கரு இல்லாத துணுக்குகளாகக் கழன்று பாலோடு வருவதால், முழு அணுக்களைத் துணுக்குகளிலிருந்து பிரித்தறியாத எண்ணும் முறைகள் அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடுகின்றன. பால் வற்றும் மாதங்களில் நோயற்ற ஆட்டுக்கே எண்ணிக்கை பத்து லட்சத்தைக் கடப்பதுண்டு. இதனால்தான் அமெரிக்காவில் பசும்பாலுக்கு 750,000 என்றும் ஆட்டுப்பாலுக்கு 1,500,000 என்றும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். என் ஆட்டின் பாலைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்தேன். கிருமி எதுவும் வளரவில்லை.

மடிநோயே இல்லை என்று நான் வாதிடவில்லை. வீக்கமோ சூடோ காட்டாமல் உள்ளுக்குள் இருக்கும் நோய்தான் எங்களைப் போன்றோருக்குப் பெரும் தலைவலி. ஒவ்வொரு நாளும் கறக்கும் முன் இரு காம்புகளின் முதல் பீச்சலையும் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்க்கிறேன். திரிந்த தேங்காய்ப் பால் போலத் துகள் நின்றால் அந்த ஆட்டைக் கடைசியில் கறந்து, பாலைத் தனியே ஊற்றிவிடுகிறேன். பாலோடு மருந்தைக் கலந்து மடிநோயைப் பார்க்கும் சோதனைத் தட்டில், மாட்டின் நான்கு காம்புகளுக்கென நான்கு குழிகள். ஆட்டுக்கு இரண்டே போதும். மடியின் ஒரு பாதிப் பால் மட்டும் மருந்தோடு கூழாகித் திரண்டால் அந்தப் பக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கறந்தபின் காம்பை அயோடினில் முக்கி, உடனே புல் போடுகிறேன். காம்புத் துளை மூடும்வரை ஆடு ஈரமான பரணில் படுக்காமல் நிற்கும்.

“காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது வாடிக்கையாளர் பலரின் நம்பிக்கை. காய்ச்சத்தான் வேண்டும், 2011இல் இதே பினாங்கில் பச்சை ஆட்டுப்பாலால், ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா கிருமியின் காய்ச்சல் பரவியதை மறந்துவிடலாகாது. ஆயினும் மடிநோய்க் கிருமிகளுள் ஒன்றான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கறந்த பால் வெயிலில் கிடக்கும்போது பெருகி உண்டாக்கும் நஞ்சு, கொதித்தாலும் அழிவதில்லை. கறந்ததும் குளிரூட்டாத பாலை வாங்கிக் காய்ச்சுவதில் பயன் பாதிதான்.

ஆட்டுப்பாலைச் சோதிப்போர் தங்கள் படிவத்தில், ஆடு ஈன்று எத்தனை மாதம் என்று குறிக்க ஒரு கட்டமாவது சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் வாசகர்,
செபராங் பிறை, பினாங்கு.