ஒருபக்கம் சாயும் இருபது முகப் பகடை: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழுதான பகடையும், அது குறித்து ஜனவரியில் தங்கள் பிரிவு அனுப்பிய பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த நவம்பரில் தங்களிடம் நான்கு பகடைத் தொகுப்புகள் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் மூன்று அறுமுகப் பகடை, ஓர் இருபது முகப் பகடை. தொகுப்பு 18 டாலர், ஆக மொத்தம் 72 டாலர். பெட்டியின் மேல் 'சமநிலை சோதிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருந்தது. அந்த வரியை நம்பித்தான் மலிவான பகடைகளை விட்டுவிட்டு உங்களிடம் வாங்கினேன். நான்கில் இரண்டு இருபது முகப் பகடைகள் ஒரு பக்கமாகவே விழுகின்றன. இதை எழுதிக் கேட்டதற்கு, 'இரு தரப்பும் ஒரே பகடையைத்தானே உருட்டுகிறார்கள், யாருக்கும் நட்டமில்லை' என்று பதில் வந்தது. கூடவே 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். எனக்குக் கூப்பன் வேண்டாம். அந்தப் பதில் ஏன் தவறு என்று பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

செயின்ட் லூயிஸில் நாங்கள் எட்டுப் பேர் குளிர்காலம்தோறும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பேஸ்பால் போட்டி நடத்துகிறோம். பகடையும் அட்டையும் வைத்து மேசையில் ஆடுவது. 1961 முதல் விற்பனையில் இருக்கும் ஆட்டம். நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும், ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அவர் ஆடிய விதத்தைக் கணக்கிட்டு ஓர் அட்டை. ஓர் அறுமுகப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பந்தை அடிக்கும் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பந்தை எறியும் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். பல வரிகள் இரண்டாகப் பிரிந்திருக்கும். அங்கேதான் இருபது முகப் பகடை வருகிறது.

நல்ல பிட்சர் ஒருவரின் அட்டையில் '1 முதல் 3 வரை சிங்கிள், 4 முதல் 20 வரை அவுட்' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் என்றால் பேட்டரை முதல் தளத்தில் சேர்க்கும் அடி. அந்த அடி விழ 15 சதவீத வாய்ப்பு. உங்கள் பகடையை நாங்கள் இரண்டு மாலை உட்கார்ந்து 1,000 முறை உருட்டி நோட்டில் குறித்தோம். ஓர் எண் 50 முறை அளவில் வர வேண்டும். 3 வந்தது 97 முறை. அதற்கு நேரெதிர் முகமான 18 வந்தது 19 முறை. இந்தக் கணக்கில் அந்த 15 சதவீதம் கிட்டத்தட்ட 20 ஆகிவிடுகிறது. அதே நேரத்தில் '1 முதல் 15 வரை' அடி என்றிருக்கும் வரி 75-லிருந்து 78, 79-க்குத்தான் ஏறும். பகடை ஒன்றுதான், ஆனால் அடி கொடுக்காத பிட்சரைத்தான் அது அதிகம் வெட்டுகிறது.

அப்படி வெட்டுப்பட்டவர் பாப் கிப்சன். 1968-இல் எங்கள் ஊர் அணியான கார்டினல்ஸுக்காக பிட்சராக ஆடியபோது, சக வீரர்களின் பிழையால் போன ரன்களை நீக்கிப் பார்த்தால், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தவர். பிட்சர்கள் ஓங்கிய அந்த ஆண்டுக்குப் பிறகு, அவர்கள் நின்று எறியும் மேட்டின் உயரத்தையே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். எங்கள் போட்டியில் அந்த அணியை எடுத்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். 1968 அக்டோபர் 2 அன்று டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிராக கிப்சன் 17 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தபோது (பந்தை ஆட விடாமல் எறிந்தே அவுட் ஆக்கியபோது), சிறுவனாக அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர். கிப்சன் அட்டையின் ஓரங்கள் மடங்கக் கூடாதென்று தனி உறையில் வைத்திருக்கிறார்.

இறுதிச் சுற்றில் அவருக்கு எதிரே 1927-ஆம் ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அணியின் அட்டைகள், அந்த ஆண்டில் 60 ஹோம்ரன் அடித்த பேப் ரூத்தோடு. ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். பிரிந்த வரி மூன்று முறை அடுத்தடுத்து வந்தது; மூன்று முறையும் பகடையில் 3. நான்கு ரன் போனது, ஆட்டமும் போனது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கிப்சனை எடுத்து உறையில் போட்டார். பகடையைச் சோதிக்க வேண்டும் என்று சொன்னதே ஜெயித்தவர்தான். கோப்பையை இன்னும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

உயரமான கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி, பகடை மிதக்கும்வரை உப்பைக் கரைத்தோம். விரலால் சுண்டிவிட்டால் அது உருண்டு உருண்டு கடைசியில் 3-ஐ மேலே காட்டி நின்றது. பத்து முறை சுண்டினோம், எட்டு முறை அதுவே. 3-க்கு அடியில் காற்றுக் குமிழ் இருக்கிறது என்பது என் கணிப்பு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெட்டியில் அப்படி அச்சிடுமுன் நீங்கள் செய்திருக்கலாம்.

இந்த ஆட்டத்தின் பழைய பெட்டிகளில் இருபது முகப் பகடை கிடையாது. 1 முதல் 20 வரை எண்ணிட்ட சீட்டுகளைக் கலைத்து எடுப்பார்கள். பெரியவரிடம் அந்தச் சீட்டுக்கட்டு இன்னும் இருக்கிறது. மார்ச் முதல் சனிக்கிழமை ஏழாவது ஆட்டத்தை அதை வைத்து மறுபடி ஆடுகிறோம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பழுதான இரண்டு தொகுப்புகளுக்கு 36 டாலரைத் திருப்பித் தாருங்கள். உண்மையில் சோதிக்கும் நாள்வரை பெட்டியிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். 'யாருக்கும் நட்டமில்லை' என்ற பதில் தவறென்று எழுத்தில் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைப் பெரியவரிடம் கொடுக்க வேண்டும்.

பழுதான இரண்டு பகடைகளையும், நோட்டுப் பக்கங்களின் நகலையும், ரசீதையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
போட்டி அமைப்பாளர்,
செயின்ட் லூயிஸ், மிசூரி