உளி வார்க்கக் கை கொடுத்தவர்களுக்கு

தை மாதம் அழகன்குளம் பக்கம் பனந்தோப்பில் நான்கு நாள் புகை கிளப்பினோமே, அது எதற்கு என்று இன்னும் கேட்கிறார்கள். உலோகம் உருக்கும் மண் கிண்ணமான மூசை, ஆட்டுத்தோல் துருத்தி, கரி, இவ்வளவையே வைத்துச் சங்க காலத்துப் பழைய முறையில் ஒரு வெண்கல உளி வார்க்க முடியுமா என்று பார்த்தோம். ரோமானியக் காசுகள் கிடைத்த ஊர், ஆசை வராதா? உளி இப்போது என் மேசையில் இருக்கிறது. அதற்கான நன்றிதான் இது.

முதலில் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டு அக்கா. நாங்கள் மணல் கலந்து செய்த மூசை இரண்டும் கரிக்குள்ளேயே பிளந்தன. "உமியைப் போட்டுப் பிசைங்க" என்றார். மூன்றாவது தாங்கியது.

கரிமூட்டம் போடும் அண்ணன் இரண்டு சாக்குச் சீமைக்கருவேலங்கரி கொடுத்தார். சீமைக்கருவேலம் இந்தியாவுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான், சங்க காலத்தில் ஏது என்று கேட்பீர்கள். சரி, ராமநாதபுரத்தில் வேறு கரிக்கு எங்கே போவது?

மோட்டார் வைண்டிங் கடையில் 900 கிராம் செம்புக்கம்பி, ஈயம் பூசும் பெரியவரிடம் 100 கிராம் வெள்ளீயம். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். வாடைக்காற்று உலையைக் குளிர வைத்துக்கொண்டே இருந்தது. கடலுக்குப் போகாத தம்பிகள் நால்வர் தார்ப்பாயைக் கட்டி மறைத்து, மாறி மாறித் துருத்தி அமுக்கினார்கள். தீநாக்கின் ஓரம் பச்சையானதும் பெரியவர் எட்டிப் பார்த்து, "செம்பு இறங்கிருச்சு, இப்ப ஈயத்தைப் போடு" என்றார். முன்பே போட்டிருந்தால் ஈயம் எரிந்து வீணாகியிருக்கும்.

முதல் வார்ப்பு என் தவறு. அச்சு காய்ந்துவிட்டதென்று நினைத்தேன். உள்ளே ஈரம். ஊற்றியதும் உலோகம் துப்பியது, என் செருப்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓட்டை. இரண்டாவது அச்சை இரவு முழுக்கச் சூடான சாம்பலில் புதைத்து வைத்தோம். அப்புறம் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை.

விளிம்பைச் சூடு காட்டாமல் கல்மேல் தட்டித் தட்டி இறுக்கினோம். பனைமட்டையில் வைத்து அடித்தால் இறங்குகிறது.

தோலுக்குக் காசு வாங்காத கறிக்கடைக்காரருக்கும் நன்றி. மூட்டத்து அண்ணே, உங்கள் சாக்குகளை வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன். ஒன்றில் பொத்தல் விழுந்துவிட்டது.