பனங்கட்டையில் பிடி போடப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்தது. காற்றில் சாய்ந்த பனையிலிருந்து அறுத்த துண்டு என்று எழுதியிருந்தாய், நிம்மதி. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் நம் அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பே இல்லாவிட்டாலும் ஒரு கத்திப் பிடிக்காக நிற்கிற பனையில் கை வைப்பது எனக்குப் பொறுக்காது.

இதையும் மக்காச்சோளச் சக்கையையும் ஸ்டெபிலைஸ் செய்து, அதாவது உள்ளே இருக்கும் துளைகளில் ரெசின் என்ற பிசினை ஏற்றி இறுக வைத்து, கத்திப் பிடி போட்டால் நிற்குமா என்று கேட்டிருந்தாய். நிற்கும். ஆனால் எந்த ரெசின், எந்த பம்ப் என்று இரண்டு பக்கம் கேட்ட நீ, கட்டையைக் காய வைப்பது பற்றி ஒரு வரி கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பனையைப் பார்ப்போம். 'புறக்காழனவே புல்லென மொழிப' என்கிறது தொல்காப்பியம். வைரம், அதாவது கட்டையின் கெட்டியான பகுதி, வெளிப்புறத்தில் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். அந்தக் கணக்கில் பனை புல்தான். கருவேலத்தில் நடுவே தேடுகிற வைரத்தைப் பனையில் ஓரத்தில் தேட வேண்டும். உன் துண்டையே பார், ஒரு பக்கம் கறுப்பு நார்கள் நெருக்கமாக இருக்கின்றன, மறுபக்கம் பொதபொதவென்று கிடக்கிறது. நார் நெருங்கிய பக்கத்தை மட்டும் எடு. அங்கேயும் நாருக்கு நடுவே இருக்கும் சதை மெத்தென்றுதான் இருக்கும். உப்புத்தாள் போட்டால் சதை பள்ளமாகும், நார் மேடேறும், கொஞ்ச நாளில் கையில் சிலாம்பு ஏறும். ரெசின் அந்தச் சதைக்குத்தான். நாருக்கு அது தேவையே இல்லை.

என் முதல் மக்காச்சோளப் பிடியைப் பற்றிச் சொல்கிறேன். சக்கையை இரண்டு வாரம் மொட்டை மாடி வெயிலில் போட்டேன். தட்டினால் கலகலவென்று சத்தம் வந்தது, காய்ந்துவிட்டது என்று நம்பினேன். ரெசினில் மூழ்கடித்து, காற்றை வெளியே எடுக்கும் வாக்குவம் பம்பைப் போட்டால் குமிழ் வந்துகொண்டே இருந்தது. விடிய விடிய நிற்கவில்லை. காற்று வெளியேறுகிறது என்று நினைத்தேன். வந்தது தண்ணீர். அழுத்தம் அவ்வளவு இறங்கினால் அறைச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். பிறகு சூடாக்கி இறுக வைத்தேன், மேலே கண்ணாடி மாதிரி ஆனது. அறுத்துப் பார்த்தால் உள்ளே பிசுபிசுப்பு. ஈரம் இருந்த இடத்தில் ரெசின் இறுகவில்லை.

அதனால் வெயிலை நம்பாதே. 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கு. கட்டையை எடை போட்டு 105 டிகிரி செல்சியஸில் ஓவனில் வை. ஒரு முழு நாளாவது இருக்கட்டும். நடுநடுவே எடுத்து எடை போடு, எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். உடனே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி ஆற விடு. உன் ஊர் கடற்கரை, வெளியே வைத்தால் ஈரத்தை மறுபடி குடித்துவிடும். ஆறாமல் ரெசினில் போட்டுவிடாதே. கேக்டஸ் ஜூஸ் என்ற பெயரில் விற்கும் ரெசின் போன்றவை சூட்டில் இறுகும் ரகம், கட்டையின் சூட்டுக்கே கெட்டியாகத் தொடங்கிவிடும். வீட்டுச் சமையல் அடுப்பு இதற்கு வேண்டாம், பழைய ஓவன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்.

அப்புறம், பம்ப் ரெசினை உள்ளே இழுப்பதில்லை. அது காற்றை வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான். குமிழ் நின்று பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விடும்போதுதான் வெளிக்காற்றின் அழுத்தம் ரெசினைக் கட்டைக்குள் தள்ளும். ஆகவே உடனே வெளியே எடுக்காதே. பம்ப் ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்காவது ஊறட்டும். இறுக வைக்க 93 டிகிரி போதும்.

சக்கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மணி இருந்த குழிகள் பெரியவை, இந்த ரெசின் அதில் நிற்காமல் வழிந்துவிடும். இறுகிய பிறகு அச்சில் வைத்துச் சாயம் கலந்த எப்பாக்சியை, அதாவது குழியை நிரப்பும் கெட்டியான வேறொரு ரெசினை, ஊற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவில் பேங்க்சியா என்ற மரத்தின் குழி விழுந்த காய்களுக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். ஈட்டி மரமும் கருங்காலியும் கிடைத்தால் ரெசின் பக்கமே போகாதே, அந்த அடர்த்தியில் அது நுழையாது.

மான் கொம்பு தருகிறேன் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

பனையில் துளை போடும்போது கீழே ஒரு வேண்டாத பலகையை வை, இல்லாவிட்டால் நார் பிய்ந்துகொண்டு வரும். உப்புத்தாளைக் கையால் பிடிக்காமல் வேறொரு சின்ன மரத்துண்டில் சுற்றித் தேய். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், ரெசின் தொடும்போது கையுறையும். இதில் என்னிடம் சலுகை கேட்காதே.

உன் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு வில்லை அறுத்து நேற்றுக் காலை ஓவனில் வைத்தேன். அப்போது 84.6 கிராம், இன்று காலை 71.2, இப்போது 70.8. இன்னும் நிற்கவில்லை. நின்றதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்