ஞாயிறு சமய வகுப்புப் பெற்றோர் சங்கம்: எபிரேய ஆண்டு 5785க்கான செயலாளர் அறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தொழுகையை நடத்தும் ஹஸ்ஸான் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, நம்மோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

2024 அக்டோபர் 2ஆம் நாள் மாலை தொடங்கி 2025 செப்டம்பர் 22ஆம் நாள் மாலை நிறைவுற்ற 5785ஆம் ஆண்டில், தாணேயில் நம் யூத ஜெப ஆலயத்தை ஒட்டி நடைபெற்றுவரும் ஞாயிறு சமய வகுப்பின் பணிகளையும், அவ்வகுப்புக்குத் துணைநிற்கும் நம் சங்கத்தின் பணிகளையும் இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் வகுப்பில் 23 பிள்ளைகள் இருந்தனர். இரண்டு குடும்பங்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்ததால் ஆண்டின் முடிவில் 19 பேர் உள்ளனர்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தாய் எழுந்து சொன்ன குறையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலை விளக்கேற்றும்போது சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தைத் தம் மகள் வகுப்பில் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்கிறாள் என்றும், ஆனால் தம் வீட்டில் அந்த விளக்கே ஏற்றப்படுவதில்லை என்றும் அவர் கண்கலங்கச் சொன்னார். இவ்வாண்டுப் பணிகள் யாவும் அந்த ஒரு பேச்சிலிருந்து பிறந்தவை. வாரத்தில் இரண்டு மணி நேரம் நடக்கும் வகுப்பு, வீட்டில் இல்லாத ஒன்றைப் பிள்ளைக்குத் தந்துவிட முடியாது என்று செயற்குழு கருதியது. ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று பெற்றோரும், நம் பிள்ளைகள் ஆஜி என்று அழைக்கும் பாட்டிமாரும், தாத்தாக்களும் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து படிக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆண்டு முழுவதும் அதை நடத்தினோம்.

இது நமக்குப் புதிய வழியன்று. கொங்கண் கரையில் நவ்காவ் அருகே கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் பெனே இஸ்ரேல் யூதர்களாகிய நம் முன்னோர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்களுடைய வழித்தோன்றல்கள் பல நூற்றாண்டுகள் வேதநூலாகிய தோராவின் சுருளோ, பள்ளியோ, ஆசிரியரோ இன்றி வாழ்ந்தனர். எண்ணெய் ஆட்டும் தொழிலைச் செய்துகொண்டு, சனிக்கிழமை செக்கை நிறுத்திவைத்ததால் ஊரார் அவர்களை ‘சனிவார் தேலி’ என்று அழைத்தனர். தாவீது ரஹபி என்பவர் அவர்களைக் கண்டு, இவர்கள் யூதர்கள்தாமா என்று சோதித்தறிய விரும்பி, பலவகை மீன்களைக் கலந்து பெண்களிடம் சமைக்கக் கொடுத்தபோது, யூதர் உண்ணாத, துடுப்பும் செதிலும் இல்லாத மீன்களை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நம் அடையாளத்துக்குச் சான்று கூறியது ஒரு சமையற்கட்டு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏடுகள் பின்னரே வந்தன. 19ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து வந்த யூத ஆசிரியர்கள் தொழுகை முறையைக் கற்பித்தனர். 1875இல் ஹாயீம் சாமுவேல் கேஹிம்கர் முன்னின்று மும்பையில் இஸ்ரவேலர் பள்ளியை நிறுவினார். அது இன்று சர் எல்லி கடூரி பள்ளியாக மஜ்காவில் நடைபெறுகிறது. படிப்பவர்களில் நம் பிள்ளைகள் மிகச் சிலரே. 1948இல் இருபதாயிரம் அளவில் இருந்த நம் சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்ட நிலையில், எஞ்சியோரின் பிள்ளைகள் ஆளுக்கொரு பள்ளியில் படிக்கிறார்கள். வகுப்பில் தான் ஒருவனே யூதப் பிள்ளை என்ற நிலையில் வாரம் முழுவதும் இருக்கும் ஒரு சிறுவனுக்குத் தன்னைப் போன்ற பிறரைக் காணும் இடம் இந்த ஞாயிறு வகுப்பு ஒன்றுதான்.

எழுத்துப் பயிற்சியில் இவ்வாண்டு ஒரு மாற்றத்தைச் செய்தோம். இதுவரை நம் பிள்ளைகள் எபிரேயத் தொழுகைகளைத் தேவநாகரி எழுத்தில் அச்சிட்ட சிறு ஏட்டைப் பார்த்தே சொல்லி வந்தனர். அந்த ஏடு பலரைத் தொழுகைக்குள் கொண்டுவந்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நம்பியே இருந்ததால், பதின்மூன்று வயதில் தோராச் சுருளின் முன் நிற்கும் சிறுவன் எழுத்தறியாமல் மனப்பாடத்தை ஒப்பிக்கிறான். எனவே கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் ‘ஷெமா இஸ்ராயேல்’ தொழுகையை மட்டும் தேவநாகரி ஏட்டிலிருந்து நீக்கி, எபிரேய எழுத்திலேயே படிக்க வேண்டும் என்று ஆசிரியை ஏற்பாடு செய்தார். தொடக்கத்தில் சில பெற்றோர் வருந்தினர். பிள்ளைகள் மிகுதியும் தடுமாறியது தாலெத், ரேஷ் என்னும் இரண்டு எழுத்துகளில்தான். ஒன்றுக்கு மேல்கோட்டின் வலப்புறம் சிறு முனை நீண்டிருக்கும், மற்றதற்கு அந்த மூலை வளைந்திருக்கும், வேறு வேறுபாடு இல்லை. ஷெமாவின் முதல் வரி ‘எஹாத்’ என்று முடிகிறது, ‘ஒருவர்’ என்பது பொருள். ஈற்றெழுத்தைத் தாலெத்துக்குப் பதில் ரேஷாகப் படித்தால் அச்சொல் ‘அஹேர்’, அதாவது ‘வேறொருவர்’ என்றாகிவிடும். அதனால்தான் தோராச் சுருளில் அந்த ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள் என்று ஆசிரியை விளக்கிவிட்டு, ஹஸ்ஸான் அவர்களின் அனுமதியோடு பேழையிலிருந்து சுருளை எடுக்கச் செய்து காட்டினார். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, சுருளைத் தொடாமல் விரலைக் காற்றிலேயே நிறுத்தி அந்த மூலையைச் சுட்டியதையும், அவளுக்குப் பின்னால் நின்ற பாட்டனார், இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்த வரியை இன்றுதான் படித்தேன் என்று கூறியதையும் அங்கிருந்த எவரும் மறக்க மாட்டார்கள். இன்று 19 பிள்ளைகளில் 14 பேர் ஷெமாவை எழுத்துக் கூட்டியேனும் படிக்கிறார்கள்.

வெள்ளி மாலையைப் பொறுத்தவரை, நம் இடர்ப்பாடு அக்கறையின்மையால் வந்ததன்று, நேரத்தால் வந்தது. குளிர்காலத்தில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது, தந்தையரில் பலர் அந்நேரம் அலுவலகத்திலோ லோக்கல் ரயிலிலோ இருக்கிறார்கள். எல்லோரும் கூடிய பின்பே விளக்கேற்றுவது என்று காத்திருந்த வீடுகளில் நாளடைவில் விளக்கேற்றும் வழக்கமே நின்றுபோயிற்று. பொழுது சாயுமுன் உரிய நேரத்தில் தாயோ பாட்டியோ விளக்கேற்றிவிட வேண்டும் என்றும், தந்தை வந்து கைகழுவிய பின், திராட்சைப் பானத்தின் மேல் சொல்லும் ஆசீர்வாதமாகிய கித்தூஷைச் சொல்லி உணவைத் தொடங்கலாம் என்றும் ஹஸ்ஸான் அவர்கள் விளக்கியதே பல குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதலாக அமைந்தது. கித்தூஷுக்கு நம் முன்னோர் வழங்கிய உலர்திராட்சைச் சர்பத்தை நவம்பர் மாத முதல் ஞாயிறன்று மூத்த அம்மையார் ஒருவர் செய்து காட்டினார். கறுப்பு உலர்திராட்சையைக் கழுவி முதல் நாளே ஊறவைத்து, ஊறிய நீரோடு கையால் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டினார். துணியை முறுக்கிப் பிழியும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டார். சர்க்கரை சேர்க்கலாமா என்று கேட்ட சிறுவனிடம், திராட்சைக்குத் தன் இனிப்பு போதும் என்று சொன்னார். கடையில் வாங்கும் சாற்றைவிட இது உயர்ந்தது என்று நான் கூறவில்லை. ஆனால் வியாழன் இரவில் திராட்சையை ஊறப்போடும் பிள்ளைக்கு வெள்ளி மாலை நினைவில் நிற்கிறது; இதை என் வீட்டிலேயே கண்டேன்.

பண்டிகைகளைப் பற்றி எழுதும்போது, நம் மூதாதையர் அவற்றுக்கு இட்டிருந்த மராத்திப் பெயர்களைப் பிள்ளைகள் ஆர்வத்தோடு கற்றுக்கொண்டதை முதலில் பதிவு செய்கிறேன். பாவநிவாரண நாளாகிய யோம் கிப்பூர் அவர்களுக்குக் கதவடைக்கும் பண்டிகை. பூரிம், ஹோலியின் பண்டிகை. பஸ்கா, ‘அனசி டாக்காச்சா சண்’, அதாவது புளித்த சாறு வைக்கும் கலத்தை மூடிவைக்கும் பண்டிகை. எகிப்திலிருந்து விடுதலை பெற்ற வரலாற்றைப் படிக்க ஏடு இல்லாத காலத்திலும், அந்நாளில் புளித்ததை மூடிவைக்க வேண்டும் என்பதை அவர்கள் கைவிடவில்லை. இவ்வாண்டு 2025 மார்ச் 14ஆம் நாள் பூரிமும் ஹோலியும் ஒரே நாளில் வந்தன. முந்தின மாலை தெருவில் ஹோலித் தீ எரிந்துகொண்டிருக்க, உள்ளே எஸ்தர் சுருள் வாசிக்கப்பட்டது. பழைய பெயரின் காரணத்தை அன்று யாரும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பஸ்கா இவ்வாண்டு சற்றுச் சிக்கலாக அமைந்தது. பஸ்காவுக்கு முந்தைய நாள் ஓய்வுநாளில் வந்ததால், வீட்டில் எஞ்சிய புளித்த உணவைத் தேடும் சடங்கை ஏப்ரல் 10 வியாழன் இரவிலும், அதை எரிப்பதை வெள்ளி காலையிலும் முடிக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை இரவு ஓய்வுநாள் கழிந்த பின்பே பஸ்கா இரவின் சேதர் விருந்துக்கான ஏற்பாடுகளைத் தொடங்க முடிந்தது. இம்முறையை விளக்கும் ஒரு பக்க அட்டவணையை அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் பிள்ளைகள் கையாலேயே கொடுத்தனுப்பினோம். 1874இல் பூனாவில் மராத்தி மொழிபெயர்ப்போடு அச்சான, சேதரில் வாசிக்கும் ஹகாதா நூலின் படப்பிரதியும் வகுப்பில் காட்டப்பட்டது. அதில் புடவை உடுத்திய பெண்கள் தரையில் அமர்ந்து புளிப்பில்லா அப்பத்துக்கு மாவு தேய்த்துச் சுடும் படம் உள்ளது. புத்தகங்களில் வரும் யூதர்கள் எல்லாம் வெளிநாட்டவராகவே இருக்கிறார்கள் என்று எண்ணியிருந்த பிள்ளைகள், அப்படத்தில் தங்கள் ஆஜியின் அமர்வையும் கைவாகையும் அடையாளம் கண்டார்கள். அப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு வகுப்பறையில் மாட்டியுள்ளோம்.

மரங்களின் புத்தாண்டாகிய தூ பிஷ்வாத் பிப்ரவரி 13, வியாழனன்று வந்ததால், அதற்கடுத்த ஞாயிறன்று 11 குடும்பங்கள் பேருந்தில் அலிபாக் சென்றோம். எலியாகு தீர்க்கதரிசியின் தேர் வானேறிய சுவடு பதிந்ததாக நம்மவர் போற்றும் பாறையருகே மலீதா என்னும் நன்றிப் படையலைப் படைத்தோம். ஊறவைத்த அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் கலந்து, அதைச் சுற்றிப் பழங்களை அடுக்கி, ‘எலியாகு ஹன்னாவி’ என்னும் பாடலைப் பாடியபின் ஒவ்வொரு வகைக்கும் உரிய ஆசீர்வாதம் சொல்லப்பட்டது. வாழைப்பழத்துக்கு மட்டும் ஏன் மரக்கனிக்குரிய ஆசீர்வாதத்தைச் சொல்லாமல் நிலத்தின் விளைச்சலுக்குரியதைச் சொல்கிறோம் என்று ஒரு சிறுவன் கேட்டான். வாழையின் தண்டு ஆண்டுதோறும் நிலைத்து நின்று மீண்டும் காய்ப்பதில்லை, குலை தள்ளியபின் அழிந்து கன்று கிளைக்கிறது, ஆதலால் அது மரமன்று என்று ஹஸ்ஸான் அவர்கள் சொன்ன விடையைப் பெற்றோரும் அன்றுதான் அறிந்தோம். நவ்காவில் உள்ள முன்னோர் நினைவிடத்துக்கும் சென்று திரும்பினோம்.

வருத்தத்துக்குரிய செய்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எபிரேயப் புத்தாண்டு நாட்களான 2024 அக்டோபர் 3, 4 தேதிகளில் நம் பிள்ளைகள் இருவருக்கு அவர்களது பள்ளியில் தேர்வு வைக்கப்பட்டது. முன்கூட்டியே கடிதம் கொடுத்தும் மாற்றுத் தேதி தரப்படவில்லை. ஒரு பிள்ளை தேர்வுக்குச் சென்றான், மற்றவன் மதிப்பெண்ணை இழந்தான். இரு குடும்பங்களின் முடிவையும் நாம் மதிக்கிறோம். மராட்டிய மாநில அரசு 2016இல் யூதர்களைச் சிறுபான்மையினராக அறிவித்திருப்பதைச் சுட்டி, வரும் ஆண்டின் பண்டிகை நாட்காட்டியை நம் பிள்ளைகள் படிக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அனுப்பச் செயற்குழு தீர்மானித்துள்ளது. இதை முன்பே செய்திருக்க வேண்டியது செயலாளராகிய என் பொறுப்பு.

மண ஒப்பந்தப் பத்திரங்களாகிய கெத்தூபாக்களைப் படியெடுத்துப் பாதுகாக்கும் பணியும் தொடங்கப்பட்டது. 1960களில் இஸ்ரேலில் நம்மவரின் திருமணத் தகுதி குறித்து ஐயம் எழுப்பப்பட்டதையும், நெடிய போராட்டத்துக்குப் பின் 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நம்மை எவ்விதத்திலும் குறைவற்ற யூதர்களாக ஏற்று அறிவித்ததையும் மூத்தோர் அறிவர். குடிபெயரும் குடும்பங்களுக்கு இப்பத்திரங்கள் இன்றும் தேவைப்படுகின்றன. பிள்ளைகளே தங்கள் வீட்டு அலமாரியிலிருந்து தாத்தா, பாட்டியின் கெத்தூபாவைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்து, பின் படியெடுக்கக் கொடுத்தார்கள்; இதுவரை 26 பத்திரங்கள் சேர்ந்துள்ளன. ஈரம் பட்டுச் சிதையும் நிலையில் உள்ளவற்றை வைத்திருப்போர் காலம் தாழ்த்தாமல் தர வேண்டுகிறேன்.

எருசலேம் ஆலயங்களின் அழிவை நினைவுகூரும் ஆவ் மாத ஒன்பதாம் நாள் ஆகஸ்ட் 3, ஞாயிறன்று வந்தது. அன்று வகுப்புக்குப் பதிலாகப் புலம்பல் ஆகமம் தரையில் அமர்ந்து வாசிக்கப்பட்டது. இரண்டு சிறுவர்கள் பதின்மூன்று வயதுச் சடங்காகிய பார் மித்ஸ்வா கண்டனர். புத்தாண்டுக்கு முன் மகளிர் கூடி, கோதுமைப் பாலும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் ‘சிக் ஹல்வா’ கிளறிய நாளில், பிள்ளைகள் முறைவைத்துத் துடுப்பைப் பிடித்தனர். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார்.

மாத முதல் ஞாயிற்றுக்கு வரும் தந்தையரின் எண்ணிக்கை தாய்மாரைவிட மிகவும் குறைவு. பாதிக் குடும்பங்களில் இன்னும் வெள்ளி விளக்கு முறையாக ஏற்றப்படுவதில்லை என்பதையும் வீடு வீடாகச் சென்றபோது அறிந்தேன். எனவே வரும் ஆண்டில், இரண்டு குடும்பங்களை இணைத்து, மாதம் ஒருமுறையாவது ஒரே வீட்டில் வெள்ளி உணவு கொள்ளும் திட்டத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. எபிரேய எழுத்துப் பயிற்சிக்கு இரண்டாவது ஆசிரியர் ஒருவரும் தேவைப்படுகிறார். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம். இவ்வறிக்கையையும் மேற்கண்ட முன்மொழிவையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்