வார்ப்பு யாருடையது? வங்கி மண்டல மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டல மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூர் கணபதியில் நான்கு லேத்துகளையும் இரண்டு ட்ரில்லிங் இயந்திரங்களையும் வைத்து ஜாப் ஆர்டர் செய்யும் சிறு பட்டறைக்காரன் எழுதும் மடல் இது. சரக்கையும் வரவேண்டிய பில்களையும் ஈடாகக் காட்டி, வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கின் வரம்பை 2 லட்சம் ரூபாயிலிருந்து 9 லட்சமாக உயர்த்தக் கேட்ட என் விண்ணப்பம், "போதிய சரக்கிருப்பு இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று பட்டறையில் முந்நூறுக்கும் மேற்பட்ட பம்ப்செட் வார்ப்புகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய இரும்புத்தூளைக் கைக்குட்டையில் துடைத்தபடி, "இதெல்லாம் உங்களுடையதுதானே?" என்று கேட்டார். இல்லை, பம்ப் கம்பெனி சலான் போட்டு அனுப்பியவை, கடைந்து துளையிட்டுத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை, கூலி மட்டுமே என் வருமானம் என்றேன். அந்த உண்மையின் விலை 7 லட்சம் ரூபாய். இதைக் கேட்ட பக்கத்துப் பட்டறைக்காரர் சிரித்தார். மாதாமாதம் அடுத்தவர் வார்ப்பைத் தன் சரக்கென்று வங்கிக்குத் தரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் (சரக்கிருப்புப் பட்டியலில்) எழுதிக் கொடுக்கிறாராம். அவருடைய வரம்பு ஒருநாளும் குறைந்ததில்லை.

சரக்குத்தான் இல்லை, வரவேண்டிய கூலி பில்களையாவது கணக்கில் எடுங்கள் என்றால், 90 நாளைத் தாண்டியவற்றைக் கழித்துவிடுகிறீர்கள். வேலை வாங்கிய கம்பெனி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனக்கோ நான்காம் மாதம்தான் வருகிறது. புகார் கொடுத்தால் மறுவாரமே வார்ப்பு வருவது நின்றுபோகும். ஆக, பணம் வராமல் நான் திணறும் மாதத்தில்தான் டிராயிங் பவரும், அதாவது அந்த மாதம் கணக்கிலிருந்து நான் எடுக்கக்கூடிய தொகையும், சுருங்குகிறது. ஜாப் ஆர்டர் பட்டறையின் கடனைச் சரக்கை வைத்து அளக்காமல் கூலி வருமானத்தை வைத்து அளக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதற்கிடையில், கடன் தொகையை ரொக்கமாக எடுப்பது ஏன், வேறு காரியத்துக்குத் திருப்பப்பட்டதா என்று விளக்கம் கேட்டுக் கிளையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் ஏழு பேருக்குக் கூலி, மாதம் பிறந்தால் மின்கட்டணம், இரும்பைக் கடையும்போது தேய்ந்துபோகும் கார்பைடு வெட்டுமுனை (டிப்), கூலண்ட் எண்ணெய்: திருப்பியதெல்லாம் இந்தப் பக்கம்தான். கேள்வி கேட்பது வங்கியின் கடமை, நான் மறுக்கவில்லை. ஆனால் 2018இல் மும்பையில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையிலிருந்து, வங்கியின் கணினிக் கணக்கிலேயே ஏறாத உறுதிக் கடிதங்களின் பேரில் வைர வியாபாரிகள் 13,000 கோடி ரூபாய்க்கு மேல் மோசடி செய்தது வெளியே வந்ததே, அங்கே இரும்புத்தூள் தொட்டுப் பார்க்க யாரும் போகவில்லை போலும். வைர வியாபாரத்தில் விரல் அழுக்காவதில்லை என்பது ஒரு வசதிதான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். நான் புதிதாகச் சலுகை எதுவும் கேட்கவில்லை. குறு, சிறு தொழில்களுக்கு 5 கோடி ரூபாய் வரையிலான நடைமுறை மூலதன வரம்பை, எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் குறைந்தது 20 விழுக்காடாகக் கணக்கிட ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. என் ஆண்டுக் கூலி வருமானம் 48 லட்சம்; அதன்படி 9.6 லட்சம் வர வேண்டும், நான் கேட்டது 9. சிறு தொழிலுக்கு நான் கேட்கும் அளவிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்ற விதியும் இருக்கையில், வீட்டுப் பத்திரம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று கிளையில் வாய்மொழியாகச் சொல்வதையும் தாங்கள் நிறுத்தித் தர வேண்டும்.

ஓராண்டு ஜி.எஸ்.டி. படிவங்களையும் கூலி பில்களையும் இணைத்திருக்கிறேன். இவற்றை வைத்து விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பணம் எங்கே போகிறது என்பதில் இன்னும் ஐயம் இருந்தால், ஏதேனும் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதே அதிகாரியை அனுப்பிவையுங்கள். கூலிக் கவர்களை அவர் கையாலேயே கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வங்கியின் பதினோரு ஆண்டு வாடிக்கையாளர்